ஐந்து திருகு

இ தந்தியின் சேடில் திருகு
துருவேறித் தலை மழுங்கிவிட்டது.
ஆலன் கீயை விட்டால் சும்மா சுற்றுகிறது.
பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தினால்
சுருதி ஒரு மயிரிழை மேலே.
பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியாது.
கீபோர்டு ரூபஸுக்குத் தெரியும்.
திரும்பிப் பார்க்க மாட்டான்,
கழுத்தை மட்டும் லேசாக நீட்டுவான்.
அது போதும் எனக்கு.

"பிரிட்ஜை மாத்தணும்" என்றேன் வீட்டில்.
"ஏன், நல்லாத்தானே ஜில்லுன்னு இருக்கு" என்றார் இவர்,
கையில் மோர்ப் பாத்திரத்தோடு.
விளக்கினேன்.
விலையைக் கேட்டார்.
ஃபிரிட்ஜாகவே இருந்திருக்கலாம் என்கிற மாதிரி
கதவைச் சாத்தினார்.

எனக்கு வேலை ராணிப்பேட்டையில், தோல் கம்பெனி ஆய்வகத்தில்.
கழிவு நீரில் குரோமியம் எவ்வளவு என்று
நாள் முழுக்க எழுதுகிறவள்.
பளபளக்கும் குரோம் பூச்சைக் காட்டி
"காலத்துக்கும் அழியாது மேடம்" என்று
என்னிடம் யாரும் சொல்லாமல் இருப்பது நல்லது.

வந்து சேர்ந்தவை இரண்டு.
ஒன்று, மடித்த தகடு. அறுநூற்றைம்பது ரூபாய்.
தோல் துண்டு நிறுக்கும் தராசில்
இருநூற்றுப் பத்து கிராம்.
இன்னொன்று பித்தளை, கட்டியாக, ஏழாயிரத்து இருநூறு,
பிடிக்கவில்லை என்றால் பத்து நாளில் திருப்பலாம்.
ஐந்நூற்று நாற்பது கிராம்.
உள்ளங்கையில் வைத்தால்
சம்பள நாள் மாதிரி ஒரு கனம்.

"ஸ்வரம் நீண்டு நிக்கும்" என்றான் கடைக்காரப் பையன் போனில்.
"எவ்வளவு நேரம்?"
"நீங்க விடுற வரைக்கும்."

ஆற்காட்டுப் பாலத்தில் பஸ் வரும்போது
ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு தொம்.
மணல் மேல் நிற்கிற பாலம்
ஒலியை இழுப்பதில்லை.
தொம். முடிந்தது. அடுத்த தொம்.
மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்து
மடியில் விரலால் கூடவே தட்டிக்கொண்டிருந்தேன்,
இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டும் வரை.

நாங்கள் வாசிப்பது தகரக் கூரை மண்டபங்களில்.
நான் கையெடுத்த பிறகும் என் ஸ்வரம்
சாம்பார் வாளி வரை போய்
யாரையாவது விசாரித்துவிட்டுத் திரும்பி வரும்.
இதற்கு மேல் நீண்டு நின்று
எந்த மாப்பிள்ளைக்கு என்ன?

பித்தளைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு.
ஐந்து துளையில் மூன்றுதான் பொருந்துகிறது.
"ரெண்டு ஓட்டைதானே, டிரில் எடுத்துட்டு வரேன்" என்றான் இம்ரோஸ்.
பகலில் சிப்காட்டில் லேத், ராத்திரி டிரம்ஸ்.
அவன் கைக்கு மரமும் இரும்பும் ஒன்று.
வேண்டாம் என்றேன்.
அரக்கோணத்தில் இதை எனக்கு விற்றவர்
ஏற்கனவே போட்டுவைத்த துளைகளே நிறைய.

ஞாயிறு மதியம் பழையதைக் கழற்றினேன்.
நாலு திருகு வந்தது. ஐந்தாவது
தேங்காயெண்ணெய் கேட்டது, பிறகு கெட்ட வார்த்தை கேட்டது,
பிறகு வந்தது.
அடியில் வெயில் படாத ஒரு செவ்வகம்,
புத்தம்புதுச் சிவப்பு.
ஓரத்தில் ஒரு எர்த் வயர்,
எதையும் தொடாமல்,
அறுந்து சுருண்டு கிடந்தது.

மூன்று வருஷம்.
விரல் வைத்தாலும் அடங்காத அந்த ம்ம்ம்முக்கு
மின்வாரியத்தைத் திட்டினோம்,
ஜெனரேட்டர்காரரிடம் சண்டை போட்டோம்,
வாலாஜாவில் ஒரு கல்யாணத்தில்
சீரியல் லைட்டையே அணைக்கச் சொன்னோம்.
ரூபஸ் இரண்டு அடாப்டர் மாற்றினான்,
தன் காசில்.

வயரை உரித்துத் தகட்டின் அடியில் படுக்கவைத்தேன்.
ஆம், தகடுதான். அறுநூற்றைம்பது.
பித்தளையை அட்டைப் பெட்டியில் வைத்து
டேப் ஒட்டும் முன்
இன்னொரு தடவை கையில் வைத்துப் பார்த்தேன்,
அதை மறைக்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை சவுண்ட் செக்.
பிளக்கைச் செருகி, தந்தி மேல் விரல் வைத்தேன்.
ஒன்றுமில்லை.
மண்டபமே ஒரு சட்டையைக் கழற்றின மாதிரி இருந்தது.
ரூபஸின் கழுத்து இருந்த இடத்திலேயே இருந்தது.
அந்த அமைதியில்தான் முதல்முறையாகக் கேட்டது
இம்ரோஸின் பெடல்,
மிதிக்கும்போதெல்லாம்
எலிக்குஞ்சு மாதிரி.

மூன்று பேரும் அவனைப் பார்த்தோம்.
"எவ்வளவு நாளா?" என்றான்.
பையில் தேங்காயெண்ணெய் இன்னும் கொஞ்சம் இருந்தது.